வால்தெமாரின் கடைசி ஓட்டம்

— ஏ கிழவா, லைன்ஸ்மேன் கொடி தூக்கினது உன் கண்ணுல படவேயில்லையா?

— ரோட்டப் பாத்து ஓட்டு, மிர்த்தா. முன்னாடி மாடு வருது.

— மாடு கெடக்கு. ஆஃப்சைடு, கோல் செல்லாதுன்னு மைதானத்துக்கே தெரியுது. நீ மட்டும் சட்டையக் கழட்டிச் சுத்திக்கிட்டு வேலி வரைக்கும் ஓடுற! முப்பத்தெட்டு வயசுல, கடைசி ஆட்டத்துல!

— மெதுவாப் பேசு. புள்ள முழிச்சிக்கப் போறா.

— அவளா? உன் வேர்வைச் சட்டையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, பின்சீட்டுல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. அந்த பிளாஸ்க்க எடு, ஒரு மாத்தே டீ ஊத்திக் குடு. கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

— நீயுமா கத்துன?

— பின்னே? பதினாலு கிளப்பு, பதினாலு வீடு. மெலோவுலேருந்து சால்த்தோ வரைக்கும் நான் கட்டாத பொட்டி இல்ல. ஆனா நீ கோல் போட்டா மட்டும் சந்தோஷமே கெடையாது. உடனே ரெண்டு கையையும் தூக்கி எதிர் டீமுகிட்ட மன்னிப்பு!

— உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணக் கூடாது, கிழவி. பழைய கிளப்புக்கு எதிரா கோல் போட்டா கொண்டாடக் கூடாது. அதான் மரியாதை.

— நீ ஆடாத கிளப்பு இந்த நாட்டுல எங்கய்யா இருக்கு? லுசீலாவுக்கு ஏழு வயசாச்சு, அப்பன் சிரிச்சு ஒரு கோல் பாத்ததில்ல. பள்ளிக்கூடத்துல உன்னைப் படம் வரைஞ்சா, ரெண்டு கையும் மேல. டீச்சர் என்னையக் கூப்பிட்டு, "வீட்டுக்காரரப் போலீஸ் புடிச்சிட்டாங்களா"ன்னு கேக்குறாங்க!

— அந்தப் படத்தப் பாத்த அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல.

— அதுக்காகத்தானே அவகிட்ட சத்தியம் பண்ண, கடைசி ஆட்டத்துல ஒரு தடவ குதிக்கிறேன்னு. அதுவும் போயும் போயும் உன் பழைய கிளப்பு சான் ரோக்கே கூடவா வரணும்!

— முட்டி ஒடஞ்சு கெடந்தப்ப, அங்க துணி தொவைக்கிற அம்மா ரெண்டு மாசம் சூப்பு கொண்டாந்து ஊட்டுனாங்க. இன்னிக்கும் வந்திருந்தாங்க, மூணாவது வரிசையில.

— நானும் பாத்தேன். நீ குதிச்சா அந்தம்மா அழுவாங்க, குதிக்கலேன்னா இவ அழுவா.

— நான் ஓடுனப்ப அந்தம்மா என்ன பண்ணாங்க?

— விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க ஆளுங்க அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்டுறாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. இருபது வருஷம் ஆடுனவன் கொடி தெரியாம ஓடிட்டான்னு ரேடியோக்காரன் கேலி பண்றான். உன் கடைசி நாளு இப்படியா முடியணும்?

— லுசீலா?

— அவளுக்கு ஆஃப்சைடப் பத்தி என்ன தெரியும்? வேலியில ஏறி நின்னு, "எங்க அப்பா! எங்க அப்பா!"ன்னு ஒரே கூத்து. செல்லாத கோலுன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்... என்ன, தனியாச் சிரிக்கிற?

— ஒண்ணுமில்ல.

— சொல்லித் தொலைய்யா.

— கொடி ஏறிடுச்சான்னு நல்லாப் பாத்துட்டுத்தான் ஓடுனேன், மிர்த்தா.