கொலராடோச் சட்டம்

"ஹலோ... ஹலோ, றெமிஜியஸ் அண்ணையே?... ஓம், கஸ்பர். கரோலின் இப்பதான் கொஞ்சம் கண் அயர்ந்தவள்... இல்லையண்ணை, நோவு இல்லை. நோவுக்கு மருந்து இருக்கு. பயம்தான். கண்ணை மூடினா திரும்பி முழிக்கமாட்டன் எண்டு பயப்பிடுறாள்."

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய மாடிவீட்டுக் குசினி. குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணிச் சத்தத்துக்குள் கஸ்பர் பேசினார். மனைவி கரோலினின் புற்றுநோய்க்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர்கள் கைவிரித்த பிறகு, டென்வரில் இருக்கும் அவளுடைய தமையன் றெமிஜியஸ்தான் போதைக் காளான் சிகிச்சையைப் பற்றிச் சொன்னவர். சாவுப் பயத்தைத் தணிக்குமாம். அந்தக் கொலராடோ மாநிலத்தில் அதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்களாம்.

"ஓம்... ஓம், விளங்குது. லைசன்ஸ் எடுத்த இடம், பக்கத்தில ஆள் இருந்து பாப்பினம்... ஓம். ஆனா எப்பிடியண்ணை கூட்டிக்கொண்டு வாறது? பிளேன் ஏத்தவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டா... காரிலயோ? பாத்ரூமுக்குப் போகவே மூச்சு வாங்குது அவளுக்கு!"

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் கொஞ்சம் கொண்டுவந்தா என்ன?... ஓம், அங்க வச்சுத்தான் குடுப்பினம்... போடரில கஸ்டம்ஸ்காரர் பிடிச்சா... தெரியும். தெரியுமண்ணை! அங்கால மருந்து, இங்கால குற்றம்..."

குரல் உயர்ந்துவிட்டது. அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தணித்துக்கொண்டார்.

"இஞ்ச டொக்டர் ஒட்டாவாவில அரசாங்கத்துக்கு எழுதி அனுமதி கேட்டிருக்கிறா. மறுமொழி வரோணும்... எப்ப எண்டு நான் என்னத்தைச் சொல்ல?... கடையோ? ஓம், களவா விக்கிற கடையள் இருக்குத்தான். நேற்று ஒண்டின்ர வாசல்மட்டும் போனனான்... வாங்கேல்லை. கரோலினுக்குச் சட்டமில்லாத சாமான் வேண்டாமாம். அகதியா வந்த எங்களை இந்த நாட்டுச் சட்டம்தானே காப்பாத்தினது எண்டுறாள்... கள்ளமாச் சாப்பாட்டில கலந்து குடுக்கிறதோ? பயத்தில கிடக்கிறவளுக்கு?"

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

"பொறுங்கோ, எழும்பிட்டாள்... அண்ணை, டென்வருக்குப் போவம் எண்டு நம்பிக்கொண்டு கிடக்கிறாள். ஏலாதெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நீங்கள் சொல்லுங்கோ. உங்கட சொல்லுக்கு அடங்குவாள்... இந்தா, குடுக்கிறன்."

கட்டிலருகே குந்தி, போனை அவள் காதோடு பிடித்தார். கரோலின் காதுகொடுத்துக் கேட்டாள். சற்று நேரத்தில் போனைக் கையால் விலக்கிவிட்டாள்.

"அண்ணை அழுறார்," என்றாள்.

கஸ்பர் போனைத் தன் காதில் வைத்தார். "அண்ணை... அண்ணை, வச்சிடாதேங்கோ... ஹலோ?"

லைன் அறுந்திருந்தது. கரோலின் கண் வெட்டாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை இறக்கினால் அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும். அவர் இறக்கவில்லை.

"ஓம்... ஓமண்ணை... ஓம், ஓம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.