மைவூர் ஸ்டேன்க்விஸ்ட் தேடி எழுதிய அறுநூற்றுப் பன்னிரண்டு குழுக்கள்

படிப்பு வட்டத் தலைவர் தோழர் ஊல்வார் அவர்களே, மைவூரின் தங்கை ஸீவ் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழர் குன்னெல் அவர்களே, பனியை மிதித்துக்கொண்டு சுண்ட்ஸ்வால் மக்கள் மன்றத்துக்கு வந்திருக்கும் பாடகர்களே, தாளக்காரர்களே, என்னைப் போலவே காது மந்தமாகிவிட்ட கிதார்காரர்களே! ரூனெ ஓஸ்ட்லிங்கின் வணக்கம்.

நம் மைவூர் ஸ்டேன்க்விஸ்ட் போய்விட்டார். முப்பத்தோரு ஆண்டு இந்த நகரத்துக்குத் தபால் கொடுத்தவர். ஸ்வீடன் முற்போக்கு ராக் இசைக்கு ஓர் அகராதி தந்தவர். அறுநூற்றுப் பன்னிரண்டு குழுக்கள்! ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டுக் கலைந்துபோன குழுவைக்கூட அவர் விட்டாரா? இல்லை! தட்டை முழுதாகக் கேட்காமல், வாசித்தவர் ஒருவரிடமாவது பேசாமல், ஒரு பதிவாவது எழுதினாரா? இல்லவே இல்லை!

அவரைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு என்ன தகுதி? ஒன்றுதான். அந்தப் புத்தகம் வெளிவராமல் தடுக்கப் பார்த்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் எங்கள் 'கரிச்சூளை' குழு ஒரு தட்டு போட்டது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினேழு நிமிடம். உறையில் 'இசையமைப்பு, கிதார், ஆர்கன்: ரூனெ ஓஸ்ட்லிங்' என்று இருந்தது. இருபது ஆண்டு அந்தப் பெருமையில் குளிர்காய்ந்தேன். ஒரு நாள் மைவூர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தோழரே, அந்தப் பாட்டை ஒரே தடவையில வாசிச்சுப் பதிவு பண்ணீங்களா?"

"ஆமா. வெட்டு ஒட்டு எதுவும் இல்ல!" என்றேன் மிதப்பாக.

"பாதிக்கு மேல கிதாரும் ஆர்கனும் சேர்ந்தே ஓடுதே. உனக்கு எத்தனை கை?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். மைவூர் விடுவாரா? ஊர் ஊராக விசாரித்து, ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் பல் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, முன்பு எங்கள் குழுவில் ஆர்கன் வாசித்த குன்னெல் பிரிசெண்டாலைக் கண்டுபிடித்தார். பதினேழு நிமிடத்துக்கும் குன்னெல் கைப்பட எழுதிய இசைக்குறிப்பு, தேதியோடு, அவரிடம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாகக் குழுவை விட்டுப் போனவரின் பெயர் உறை அச்சாகும்போது எப்படி விடுபட்டுப்போனது? விடுபடவில்லை, தோழர்களே. நான்தான் எடுத்தேன்.

வழக்குப் போடுவேன் என்று பதிப்பகத்தை மிரட்டினேன். பதிப்பகம் பயந்தது. குன்னெலைப் பற்றிய மூன்று வரியை எடுத்துவிடச் சொன்னது.

"அந்த மூணு வரி போனா புத்தகமும் போகுது" என்றார் மைவூர். பதினோரு ஆண்டு உழைப்பை, நான்கு பெட்டித் தாளை, தபால் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார்! அதை அச்சேற்றியது யார்? நீங்கள்! இந்த வட்டத்துக்காரர்கள்! தொழிற்சங்க அச்சகத்தில் நீங்களே தாள் அடுக்கி, நீங்களே தைத்தீர்கள்.

வெளியீட்டு நாளன்று இதே மன்றத்துக்குச் சண்டை போடத்தான் வந்தேன். மைவூர் புத்தகத்தைப் பிரித்து என் பக்கத்தைக் காட்டினார். என் கிதாரைப் பற்றி ஒன்றரைப் பத்தி. நானே மறந்துபோன கச்சேரிகள். அதன்கீழே குன்னெலுக்கு உரிய மூன்று வரி.

"என்னைத் திட்டி ஒரு வார்த்தைகூட எழுதலையே?" என்றேன்.

"இது அகராதி, ரூனெ. திட்டுறதுக்கு இதுல இடம் கிடையாது. நடந்ததுக்குத்தான் இடம். நின்னுக்கிட்டே இருக்காத, இலவங்கப்பட்டை பன் எடுத்துக்கோ. குன்னெல் அந்தா உக்காந்திருக்கா. போய்ப் பேசு."

போனேன். மன்னிப்புக் கேட்டேன். "இருபது வருஷம் லேட்டு" என்றார் குன்னெல். ஆனால் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். மறு வாரமே மைவூரிடம் பிழை திருத்த உட்கார்ந்தேன். இரண்டாம் பதிப்புக்குக் வடகோடியில் இருக்கும் கிரூனாவரை போய் ஆள் தேடினேன். மேடையில் வாங்கிய கைதட்டலைவிட, அந்தப் பதிப்பின் முன்பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று என் பெயர் இருப்பதுதான் எனக்குப் பெருமை!

தோழர்களே! மூன்றாம் பதிப்பு பாதியில் நிற்கிறது. இன்னும் நாற்பது குழுக்கள் பாக்கி. விட்டுவிடுவோமா? மாட்டோம்! வியாழக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடுவோம். அவர் வைத்த விதிப்படியே கேட்போம், விசாரிப்போம், எழுதுவோம். இது உறுதி.

வேலையை இன்று காலையே தொடங்கிவிட்டேன். கரிச்சூளையின் அதே தட்டில் இரண்டாவது பக்கத்துப் பாட்டு வரிகள் என்னுடையவை என்று இரண்டு பதிப்பிலும் இருக்கிறது. அவற்றை எழுதியவர் எங்கள் தாளக்காரர் ஹென்னிங். எண்பத்தொன்றாம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அந்த வரிகள் அவருடையவை என்பது எனக்கு மட்டுமே தெரியும். சாட்சி இல்லாததால் மைவூராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. திருத்தச் சீட்டை எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

மூன்றாம் பதிப்பின் முதல் திருத்தம் அதுதான், மைவூர்.