எனக்கு நல்லாத்தான் கேக்குது

வீட்டைப் பெருக்குகிறவர்கள் மேசைக்கு அடியில் மட்டும் கையை விடுவதில்லை. எனக்கு அது ஆகாது. கம்ப்யூட்டர் பெட்டியை நகர்த்திப் பின்னால் சேர்ந்த தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். முதல் தடவை குரல் அறுந்தது உண்மையிலேயே என் சுத்தத்தால்தான், தம்பி. பாப்பாவின் ஹெட்செட்டைப் பார்க்க அவள் ஆபீஸ் அனுப்பிய ஆள் நீங்கள். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது.

ஹெட்செட்டின் டாங்கிள், ஒயர் இல்லாமல் குரலைக் கொண்டுவரும் துண்டு, நகம் அளவுக்கு இருக்குமே, அது பெட்டியின் முன்பக்கம் இருந்தது. துடைக்கும்போது தட்டுப்படுகிறதே என்று கழற்றிப் பின்னால் செருகினேன். அடுத்த துளையில் என் ஹார்ட் டிஸ்க். ராத்திரியில் அதே பெட்டியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். அந்தப் படங்கள் பகலெல்லாம் தானாக அதில் நகலாகிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒட்டியிருந்தால், டிஸ்க் ஓடும்போது ஹெட்செட்டில் குரல் துண்டுதுண்டாக வரும். சற்றுமுன் நீங்கள் சொன்ன இதே காரணத்தை நான் முன்பே தெரிந்துகொண்டிருந்தேன்.

பாப்பா என் தங்கை. முப்பதைத் தாண்டியும் எனக்குப் பாப்பாதான். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னியதிலிருந்து வேலைக்கு அனுப்பியதுவரை எல்லாம் நான். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. ஒயர் இல்லாத ஹெட்செட் வந்ததும் பேசிக்கொண்டே வீடு முழுக்க நடப்பாள். யாரிடமோ சிரிப்பாள். நான் எதிரில் நின்று கூப்பிட்டால் விரலைக் காட்டி நிறுத்திவிட்டு, நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிப் போவாள்.

ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டேன். "போட்டோல இருக்கறவங்க பருவை அழிச்சு அழிச்சு, நிஜ மனுஷங்க சத்தமே உனக்குத் தாங்கல அக்கா," என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

குரல் முதன்முதலாக அறுந்த அன்று அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "அக்கா, இங்க வாயேன்," என்றாள். அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாகியிருந்தது. போய் ஹெட்செட்டை என் காதில் மாட்டிக் குனிந்து, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிஸ்க்கைப் பிடுங்கியதும் கணீரென்று கேட்டது. சொல்லியிருக்கலாம். அவள் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது பாப்பா," என்றேன். அந்தப் பேச்சில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் டிஸ்க்கை மறுபடி செருகினேன். என் வேலையையும் பார்க்க வேண்டுமல்லவா.

அதன்பின் அவள் சந்தேகப்படாத பொருள் இல்லை. ஹெட்செட்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினாள். சமையலறை மைக்ரோவேவைத் தொடக் கூடாது என்றாள். பக்கத்து வீட்டு வைஃபை என்றாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, எதிர்முனையில் இருப்பவர்கள் வேண்டுமென்றே வார்த்தையை விழுங்குகிறார்கள் என்றாள். ஒவ்வொரு தடவையும் நான் போய்க் குனிந்து டிஸ்க்கை உருவிவிட்டு எழுந்து, கேட்டுப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன்.

வேறு ஊரில் இருக்கும் தலைமை ஆபீஸில், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பதவி அவளுக்கு வருவதாக இருந்தது. ஹெட்செட்டில்தான் நேர்முகம். தனியாகப் போய் அவள் எப்படிச் சமைத்துச் சாப்பிடுவாள். அன்று காலை இருப்பதிலேயே பெரிய ஆல்பத்தை நகலெடுக்கப் போட்டேன். இன்னொரு தடவை சொல்லுங்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவள் கேட்டது கதவுக்கு வெளியே வரை வந்தது. பதவி வேறொருத்திக்குப் போயிற்று.

காது டாக்டர் குறையே இல்லை என்றார். பாப்பா அங்கேயே அழுதாள். குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றாள். மனசு சம்பந்தமாக ஏதாவது இருக்குமா டாக்டர் என்று விசாரித்தது நான்தான். அக்காவுக்கு அந்த அக்கறைகூட இல்லாவிட்டால் எப்படி.

ஒரே ஒரு தடவை, நான் குனிந்து எழுந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வந்து குனிஞ்சா மட்டும் எப்படிக்கா சரியாகுது?" என்று மெதுவாகக் கேட்டாள். அதை அப்படியே, காது டாக்டர் கைகாட்டிய மனநல டாக்டரிடம் சொன்னேன். வளர்த்தவளையே சந்தேகப்படுகிறாளே என்று கண் கலங்கிவிட்டது எனக்கு. அவர் மாத்திரையைக் கூட்டினார். அதை வேளை தவறாமல் கொடுத்துவருகிறேன். பகலிலும் தூங்குகிறாள்.

இப்போது நீங்கள் டாங்கிளை முன்பக்கம் மாற்றிவிட்டீர்கள். காதில் ஒன்றுமில்லை, புத்தியிலும் ஒன்றுமில்லை என்று அவளிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அவளுக்கு இப்போது தன் காதில் நம்பிக்கை இல்லை. யார் எதைச் சொன்னாலும் என் பக்கம் திரும்பி, என்ன சொன்னாங்க அக்கா என்றுதான் கேட்கிறாள். அதனால் அவளை எழுப்ப வேண்டாம், தம்பி. சொல்ல வந்ததை என்னிடமே சொல்லிவிடுங்கள். ஒரு வார்த்தை விடாமல் நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.