ஒரு தரம்தான் அடிச்சாரு

இந்த ஃபேன் சத்தம் போட்டாலும் காற்று வருகிறது, சார். என் வீட்டில் இருப்பது சத்தமே இல்லாமல் சும்மா சுற்றுகிறது.

நான் அய்யம்பெருமாள். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒன்பது ஏக்கர் முந்திரிக்கொல்லை. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. என் பெயரில் இருந்தது ஒரே ஒரு வழக்கு. ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கத்துக் கொல்லைத் தங்கராசுவின் ஆடு என் முந்திரிக்கன்றுகளை மேய்ந்துவிட்டது. கேட்கப் போனேன். பேச்சு தடித்தது. அவன் இடது கன்னத்தில் ஓர் அறை விட்டேன். காது போய்விட்டது என்று பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கிவந்து புகார் கொடுத்தான். டாக்டர்கள் எதையாவது எழுதத்தான் செய்வார்கள்.

வழக்கு அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். எங்கள் ஊர்க் கோயிலுக்கு அறங்காவலர் போடப்போகிறார்கள் என்றதும்தான் சிக்கல். மனுவில் குற்ற வழக்கு உண்டா என்று கேட்கிறார்கள். பொய் எழுத எனக்கு மனம் வராது. அரியலூரில் வக்கீல் ஷாலினி மேரியைப் பார்த்தேன்.

"புகார் கொடுத்தவரே சமாதானமாப் போறேன்னு சொன்னா, ஹைகோர்ட்ல வழக்கையே ரத்து பண்ணிடலாம் சார். ஸ்டேஷன் பதிவுலேருந்தும் பேரை எடுக்கச் சொல்லிக் கேப்போம்," என்றார்.

தங்கராசு தகராறு செய்யவில்லை. "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டாப் போச்சுண்ணே," என்றான். சென்னைக்கு என்னோடு பஸ்ஸில் வந்தான். யாருடைய மிரட்டலும் இல்லாமல்தான் சம்மதிக்கிறாயா என்று நீதிபதி கேட்டார். இவன் வலது காதை அவர் பக்கம் திருப்பி, "சரியாக் கேக்கலைங்கய்யா, இன்னொரு தரம் சொல்லுங்க," என்றான். வேண்டுமென்றே செய்கிறான் என்று தோன்றியது. இருந்தாலும் மன்னித்துவிட்டேன்.

உத்தரவு வந்தது. வழக்கு ரத்து, பதிவுகளிலிருந்து என் பெயர் நீக்கம். நகலை லேமினேட் செய்து வைத்தேன்.

அறங்காவலர் மனு விஷயமாக மேகலா என்ற அதிகாரி ஊருக்கு வந்தார். டீக்கடையில் தங்கராசுவிடம் என்னைப் பற்றி விசாரித்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அவன் எனக்காகத்தான் பேசினான், அதை நான் மறுக்கவில்லை.

"ரொம்ப நல்லவருங்க மேடம். ஒரு தரம்தான் அடிச்சாரு."

கடையே சிரித்தது. மேகலா மேடம்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் பதவி வேறொருவருக்குப் போனது. அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் தங்கராசு கோபமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான்: "கேஸைக் கோர்ட்டு அழிச்சிடுச்சுங்க. காதுதான் திரும்பி வரலை."

நிதானமாக யோசித்தேன், சார். பெயரை நீக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் உத்தரவு. ஸ்டேஷனில் நீக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டார்கள். தங்கராசு ஒருவனிடம்தான் மீதி இருந்தது. கோர்ட் உத்தரவைப் பாதியில் விடக்கூடாது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காரில் போய்க்கொண்டே அவனுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "கொல்லையத் தாண்டி ரோட்டுல நடந்து வந்துக்கிட்டிருக்கேன், சொல்லுங்கண்ணே," என்றான். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் முதுகு கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல காதில் போனை வைத்திருந்தான். விதிப்படி ஹார்ன் அடித்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் போனுக்குள்ளிருந்து வருவதாக நினைத்துவிட்டான்.

"ஓரமா நில்லுங்கண்ணே, ஏதோ வண்டி வருது பாருங்க," என்றான்.

ஆக, இடது காது உண்மையிலேயே கேட்கவில்லை. ஆறு வருடமாக அவனைப் பொய்யன் என்று நினைத்திருந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். வேகத்தைக் குறைக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து இன்னொரு தரம் ஏற்றினேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள்தான். முன் வழக்குகள் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் 'இல்லை' என்று எழுதுங்கள். தங்கராசுவை நான் அதற்கு முன் தொட்டதே கிடையாது, சார்.