ஜோதிகாவின் கைராசி

பனி நீல நிறமாகவும் இருக்கும் என்பது போன ஆடி மாதம் வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் படித்த ருஷ்ய நாவல்களிலும் ஜப்பானிய நாவல்களிலும் அது எப்போதும் வெள்ளையாகவே விழுந்தது. பனியை மொழிபெயர்ப்பில் மட்டும் அறிந்தவள் நான். பூந்தமல்லியில் மார்கழியில் விழுவதற்கும் பனி என்றுதான் பெயர். ஆனால் அது மெட்ரோ வேலையின் சிமெண்ட் தூசியோடு கலந்து மூக்கை அடைக்குமே தவிர, ஒரு குதிரைவண்டியையும் வழியில் நிறுத்தியதில்லை.

உட்காருங்கள் அண்ணா. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டால் நிற்கும். ஜோதிகாவைப் பற்றி உங்கள் அம்மாவிடம் யார் என்ன சொன்னார்கள் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் விளையாட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர். நான் மேகநாடு என்று சொல்வேன். போனில் இறக்கிய முதல் நாள் நான் செய்ததெல்லாம் நடந்தது மட்டும்தான். தூரத்தில் ஒரு மலை தெரிந்தது. சும்மா படம் ஒட்டிவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நடக்க நடக்க மலை பெரிதானது. கை வைத்தேன், ஏற முடிந்தது. உச்சிக்குப் போனால் அந்தப் பக்கம் ஒரு கடல். குதித்தேன், முதுகில் பட்டம் மாதிரி ஒன்று விரிந்தது. இந்த ஜெராக்ஸ் கடையில் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டி, "பாப்பா, முன்ன பின்ன ரெண்டும் எடும்மா" என்கிறார். நானோ கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறேன். அவருக்கு முன்பக்கத்தையே இரண்டு தடவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. காளான் பறித்துச் சமைத்தேன், கருகியது, கருகினதையும் தின்ன முடிந்தது. மழை பெய்தால் பாறை வழுக்கியது. ஓர் ஆடு காரணமே இல்லாமல் என் பின்னாலேயே வந்தது. ஆவடி, அம்பத்தூர், மிஞ்சிப்போனால் ஸ்ரீபெரும்புதூர், இதுதான் என் உலகம். அப்படிப்பட்டவளிடம் திடீரென்று, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ, வேலி இல்லை என்று ஒரு நாட்டைக் கையில் கொடுத்தால் என்ன ஆவாள், சொல்லுங்கள்.

வேலி ஒரே இடத்தில்தான் இருந்தது. வடக்கே ஏரியின் நடுவில் ஒரு தீவு. நீலப்பனி அதில்தான் விழும், கரையிலிருந்தே தெரியும். நீந்தினால் பாதியில் மூச்சு தீர்ந்துபோய் மறுபடி கரையில் கிடப்பேன். லியோரா என்று ஓர் ஓடக்காரி இருக்கிறாள், அவள் கால் வைத்தால் தண்ணீர் உறைந்து பாதையாகும். ஆனால் அவளை விலைக்கு வாங்க முடியாது. கிணற்றிலிருந்துதான் வருவாள்.

அந்தக் கிணற்றைச் சொல்லவேண்டும். அதில் ஒரு விளக்கை விடவேண்டும். விளக்கு கீழே போய்த் திரும்பி மேலே வரும். வெள்ளையாக வந்தால் மரக்கத்தி, ஓட்டைக் கேடயம், இப்படி ஏதாவது. பொன்னிறமாக வந்தால் ஓர் ஆள். எந்த ஆள் என்பதும் அதிர்ஷ்டம்தான். சிலர் காசு போட்டு விளக்கு வாங்குவார்களாம். நான் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. மலை ஏறி, ஆடு மேய்த்து, கல் சேர்த்து, அதற்குத்தான் விளக்கு வாங்குவேன். காசு போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு விளையாட்டுக்காக இந்த அளவுக்கா போவது என்று தோன்றும்.

எனக்கு மரக்கத்தியாகவே வந்தது. பெட்டி நிறைய மரக்கத்தி.

ஜோதிகாவின் கையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அவள் வேலை செய்கிற பேக்கரி கவுண்டரில் மட்டும் அவளைப் பார்த்த உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் எதிர்வீடுதான், அவள் அம்மா சொர்ணம் அத்தையும் என் அம்மாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அவளுக்குக் கைராசி. தெருவுக்கே தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்பினால் காய்கறி வண்டி ராஜம்மாக்கா மறித்துக்கொள்வாள்.

"ஏ ஜோதி, நில்லு. ஒரு கட்டு கொத்தமல்லியாச்சும் வாங்கிகினு போ. நேத்து அந்த மொட்டத்தலையன் போணி பண்ணான், சாயந்தரம் வரைக்கும் ஈ ஓட்டிகினு கெடந்தேன்."

"ஊட்டுல கொத்தமல்லி மலையாட்டம் குமிஞ்சி கீதுக்கா."

"தொவையல் அரைடி. என் பொழப்புல மண்ணப் போடாத."

கஜபதி அண்ணன் புது ஆட்டோ எடுத்தபோது சாவியை முதலில் ஜோதிகா கையில் கொடுத்து, அவளிடமிருந்து வாங்கித்தான் வண்டியைக் கிளப்பினார்.

இதையெல்லாம் தினமும் இந்தக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த யோசனை வர அத்தனை நாளானதுதான் ஆச்சரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு போனை நீட்டினேன்.

"இன்னாடி இது, கெணறு கீது, தண்ணியே காணோம்?"

"பேசாம தொடுடி."

"கரண்ட் அடிக்குமா?"

"நான், அருள்மொழி, உனக்குக் கெடுதல் பண்ணுவேனா? தொடு."

கட்டைவிரலால் ஒரு தட்டு. விளக்கு இறங்கியது, ஏறியது. பொன்னிறம். ஒரு சமையல்காரர் தாடியோடு கிணற்றிலிருந்து எழுந்து வணக்கம் சொன்னார். நான் கத்திய கத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் தன் அட்டையை வாங்காமலே படியிறங்கிவிட்டார். ஜோதிகா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தத் தாத்தாவுக்கா இவ்ளோ கூத்து?" என்றாள்.

ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். அடுத்த தடவையும் பொன்னிறம். அவள் வேலூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது வீடியோ காலில் அவளைப் பார்க்கவிட்டு நானே தொட்டேன். மரக்கத்தி. அவள் வாயால் "இப்ப" என்று சொல்ல, நான் தொட்டேன். மரக்கத்தி. ஆகவே விரல்தான் படவேண்டும், ஆள் இங்கேதான் இருக்கவேண்டும். இது மூடநம்பிக்கை இல்லை, சோதித்துப் பார்த்தது.

அப்போதுதான் ஓசூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார்.

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லாருக்கும் திருப்தி. அப்புறம் வழக்கப்படி தெருவில் விசாரிக்க ஆள் வந்தது. எங்கள் வீடும் கடையும் ஒன்றாகத் தெருமுனையில் இருப்பதால் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் இங்கேதான் நிற்பார்கள். ஏதோ ஒரு தாளை ஜெராக்ஸ் எடுப்பார்கள், சில்லறைக்குக் காத்திருப்பதுபோல நின்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். அன்று ஒரு புருஷனும் மனைவியும். எதிர்வீட்டுப் பெண் எப்படி என்றார்கள்.

"நல்ல பொண்ணுதாங்க. இப்ப ஒண்ணும் இல்ல" என்றேன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள். "இப்பன்னா? முன்னாடி ஏதாச்சும்...?"

"அதெல்லாம் எதுக்குங்க. நல்லா கீறா."

அவ்வளவுதான் நான் சொன்னது. எட்டாம் வகுப்பில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது, நான் அதை நினைத்துத்தான் சொன்னேன். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நல்ல கதையில் எழுதினதைவிட எழுதாமல் விட்டதற்குத்தான் கனம் அதிகம். அதை நான் ஆயிரம் பக்கம் படித்துத் தெரிந்துகொண்டேன். கடையில் நின்று ஒரே நிமிடத்தில் அது வேலை செய்வதைப் பார்த்தபோது, மலையில் முதன்முதலாகக் கை வைத்து ஏற முடிந்ததே, அதே மாதிரி இருந்தது.

அரக்கோணத்திலிருந்து வந்தது இரண்டாவது இடம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் வந்தார். அவரிடம் அதுகூடச் சொல்லவில்லை. "நீங்க அவங்களையே கேட்டுக்கங்க மாமா. எதிர் ஊட்டுக்காரி நானு, நாளைக்கி மூஞ்சில முழிக்கணும்" என்றேன். மனிதர் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அந்தச் சாயங்காலம் ஜோதிகா, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னாடி கொற என்கிட்ட? பல்லு தூக்கலா கீதா? வந்து பாத்து சிரிச்சி பேசிட்டுத்தானே போறாங்க, அப்பால இன்னா ஆவுது?"

எனக்கு மனசே ஆறவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விட மனமில்லாமல் போனையும் எடுத்தேன். மனசு லேசாகும் தொடு என்றேன். தொட்டாள். பொன்னிறம். பச்சைக் கண்ணோடு ஒரு வில்லாளி. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவன் நல்லா கீறான்டி. இவனையே கட்டிக்கறேன், விசாரிக்க எவனும் வரமாட்டான்" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு அவளைச் சிரிக்கவைத்தது யார் என்பதையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். தினம் இரண்டு பப்ஸ் வாங்கி ஒன்றைத் தொடாமல் வைத்துவிட்டுப் போகிற ஆள் என்று அவள் சொல்லித்தான் உங்களை எனக்குத் தெரியும். "அந்த ஆளுக்கு பப்ஸ் புடிக்கவே இல்லடி. என்னத்தான் புடிச்சிகீது போல" என்றாள். முறைப்படி அம்மாவை அனுப்பினீர்கள். ஆனால் கல்யாணமானதும் புனேயில் குடித்தனம் என்றீர்கள். நெமிலிச்சேரியில் உங்கள் வீட்டோடு இருப்பதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, வாரம் ஒருமுறை நானே வந்து அவள் கையைத் தொட்டுப்போகலாம். நீங்களோ புனே என்றீர்கள். ஜோதிகா இந்த ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்து இந்தியில் பானி, கித்னா என்று சொல்லிப் பழக ஆரம்பித்தாள். "அங்க குளுருமாமே, ஸ்வெட்டர் வாங்கணும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதே வாரத்தில்தான், எத்தனையோ மாதம் கழித்து, கிணற்றுக்கு லியோரா சில நாட்களுக்கு மட்டும் வருவதாக அறிவிப்பும் வந்தது.

உங்கள் அம்மா நல்லவர்கள். எதையும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை, நேராகக் கேட்டார்கள். நான் சொன்னது இது: "ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து பேசி முடிச்சிட்டு, தெருவுல விசாரிச்சதும் திரும்பிப் போயிட்டாங்கம்மா. ஏன்னு எனக்குத் தெரியாது." இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் சரியில்லை. மற்றதெல்லாம் உண்மை, தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லி மூன்று இடம் தட்டிப்போனதும் ராஜம்மாக்கா ஜோதிகாவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் அவள் வருவது தெரிந்தால் தராசைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொள்கிறாள். கஜபதி அண்ணன் முதல் சவாரிக்கு அவள் கை நீட்டினால் பார்க்காதவர்போல ஓட்டிப்போகிறார். ராசியில்லாத கை என்று சொல்லிவிட்டார்கள், அதே கையை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் போனில் இருக்கிற தாடிக்காரரும் வில்லாளியும் சாட்சி சொல்ல முடிந்தால் சொல்வார்கள்.

ஆனால் அவளும் அதை நம்பிவிட்டாள். லியோராவின் நாட்கள் முடியப்போகிற நேரம் போனை நீட்டினேன்.

"வேணாம்டி. இந்தக் கை இன்னாத்துக்கு ஆவும்? உன்னுதாவது உருப்படட்டும்."

எவ்வளவு சொல்லியும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் காய்ச்சலில் படுத்தாள். சொர்ணம் அத்தை வேலைக்குப் போகவேண்டியிருந்ததால், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மாத்திரையும் கொடுத்தேன். தூங்கினாள். கை பாயில் விரிந்து கிடந்தது. சூடாக இருந்தது. கட்டைவிரலை மெதுவாக எடுத்துத் திரையில் வைத்தேன்.

பொன்னிறம் அண்ணா. கிணறு முழுக்கப் பொன். லியோரா துடுப்போடு எழுந்து வந்தாள். கத்தக்கூடாதே என்று என் வாயை நானே பொத்திக்கொண்டேன். அங்கேயே, அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஏரியைக் கடந்தேன். கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர் கண்ணாடியாகி, ஒரு சின்னச் சத்தம் போட்டது. தீவில் நீலப்பனி என் தோளில் விழுந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அவள் கண் திறந்தபோது காட்டினேன். "நல்லா கீதுடி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்னும் பெரும்பாலும் அப்படித்தான் படுத்திருக்கிறாள்.

உங்கள் அம்மாவிடம் வந்து இதை நானே சொல்லவேண்டும் என்கிறீர்கள். வருகிறேன், எனக்கென்ன பயம். நீங்கள் அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று உறுதியாக இருப்பதும் எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் கிணற்றுக்குப் புதிதாக ஒருத்தி வருகிறாள், மேகத்தின் மேலேயே நடப்பாளாம். அது முடிந்ததும் வருகிறேன். அதுவரை ஜோதியிடம் எதுவும் சொல்லவேண்டாம், பாவம், தாங்கமாட்டாள். என்னைவிட அவளுக்கு நல்லது நினைக்கிறவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.