நிற்கவில்லை, இருக்கிறோம்

கூட்டத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் தில்லையம்பலம் அவர்களே, புதுச்சேரியிலிருந்து நமக்கு முன்னரே வந்து இந்தப் பாரிஸ் நகரத்தின் கதவுகளைத் தட்டக் கற்றுத்தந்த பெரியவர் லூர்துசாமி அவர்களே, ஒபர்வில்லியே கிட்டங்கிகளில் பெட்டி சுமந்த தோள்நோவோடு வந்திருக்கும் தம்பிமாரே, கைப்பிள்ளைகளோடு முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மாரே! தலைதாழ்த்துகிறேன் உங்களுக்கு, உங்களுக்கு மட்டும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கேட்டது மறக்காது.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாம் குடியிருக்கும் மாடிவீட்டை இடிக்கப்போகிறாராம் சொந்தக்காரர். ஏனாம்? எண்பத்திரண்டில் குடிசனக் கணக்கெடுத்தபோது அது ஆளில்லாத வீடாம்! ஆளில்லாத வீட்டிலா அடுப்பு எரிந்தது? ஆளில்லாத வீட்டிலிருந்தா, பிள்ளைநோவு கண்ட நாகேஸ்வரியைக் கதிரையில் உட்காரவைத்துப் படிப்படியாய் இறக்கினோம்? எவருடைய காலடி பொறுக்காமல் கீழ்வீட்டு மதாம் தும்புத்தடியால் தம் வீட்டு முகட்டை இடித்தார்?

"பேயள் எண்டு நினைச்சிருப்பினம், அண்ணை!" என்கிறார் வாமதேவன். தம்பி, பேயிடமும் வாடகை தவறாமல் வாங்கினாரே அந்தச் சொந்தக்காரர்!

நடந்ததைச் சொல்கிறேன். கணக்கெடுக்க வந்தவருக்கு மொழிபெயர்க்க வந்தவர், இதோ இருக்கும் புதுச்சேரி ரோசாலி அம்மா. கதவு திறந்தவர் நம் குலசேகரம். "நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டார் அம்மா. குலசேகரத்துக்கு இருப்பதென்றால் ஊர். பாரிஸ் வெறும் இடைத்தங்கல். "இல்லைத் தங்கச்சி, இஞ்சை சும்மா நிக்கிறம்" என்றார். யாழ்ப்பாணத்தில் நிற்பதென்றால் தங்குவது. புதுச்சேரியில் நிற்பதென்றால் காலில் நிற்பது! யாரோ வந்து நிற்கிறார்கள், குடியிருப்பார் எவருமில்லை என்று பிரெஞ்சில் போயிற்று. ஒரு சொல் தடுக்கி ஒரு வீடே விழுந்தது!

என்ன, ரோசாலி அம்மா எழும்புகிறார்? சொல்லுங்கள்.

"நான் என்னங்க பண்ணுவேன்? அவரே நிக்கிறோம்னாரு. பாவமேன்னு உட்காருங்கன்னுகூடச் சொன்னேன்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பிழை அம்மாவிடம் இல்லை. நாளைக்குப் போவோம், அடுத்த தைக்குப் போவோம் என்று பெட்டியை அவிழ்க்காமல், அதன்மேலேயே சோற்றுக் கோப்பையை வைத்துத் தின்றோமே, அந்தப் பிழை நம் எல்லோருடையது. போவதற்கு அங்கே வீடு இருக்கிறதா? அங்கே கொளுத்திக் கிளப்பினார்கள். இங்கே வெறுவீடென்று சொல்லிக் கிளப்பப் பார்க்கிறார்கள். கிளம்பமாட்டோம்!

வரும் பங்குனியில் மறுபடி எண்ண வருகிறார்கள். கட்டிலுக்குக் கீழே ஒளியாதீர்கள். வருகிறவர் விசா பார்க்க வருபவரல்லர், தலை எண்ண வருபவர். தலையைக் காட்டுங்கள்! பெயரைச் சொல்லுங்கள்! "இருக்கிறம்" என்று அடிவயிற்றிலிருந்து சொல்லுங்கள்!

அதற்குமுன் இடிக்க ஆள் வந்தால்? கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். நம் பேச்சில் இருப்பதென்றால் வாழ்வதும்தான், உட்காருவதும்தான். இரண்டையும் ஒன்றாய்ச் செய்வோம். நாகேஸ்வரி இறங்கிவந்த கதிரை இன்னும் உடையவில்லை. முதல் வரிசையில் அதைப் போட்டு நான் இருப்பேன். எழுப்பட்டும் பார்க்கலாம்!

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. கால் உளைய நின்று கேட்ட பின்பக்கத்தாருக்கு இரட்டிப்பு நன்றி. நின்றது போதும், பிள்ளைகளே. இருங்கள்!

வணக்கம்.