சீலிங் பலகைக்கு மேலே

— ஏணிய ஆட்டாமப் பிடிங்க மேஸ்திரி. விழுந்தா ஆஸ்பத்திரிக்குள்ளதான் விழுவேன், அது ஒண்ணுதான் ஆறுதல்.

— உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தப் பாடு? பில்லரு பளபளன்னு கண்ணு முன்னாடி நிக்குது. தட்டிப் பாருங்க, கிண்ணுன்னு இருக்கும்.

— கீழ தட்டியாச்சு. இந்தப் பலகையில ஈரக்கறை இருக்கே, என்னன்னு பாக்கணும். தள்ளுறேன், தூசி விழும், கண்ண மூடிக்கோங்க.

— ஒரு இன்ஜினியர் கையெழுத்து வாங்குறதுக்குள்ள மனுஷனுக்கு ஆயுசே முடிஞ்சிடும்.

— இது என்ன கூத்து?

— எது மேடம்?

— ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காதீங்க. பழைய பில்லரச் சுத்திப் புதுக் கம்பி கட்டி, தரையிலருந்து பீம் வரைக்கும் கான்கிரீட் போடச் சொன்னேன். உங்க கான்கிரீட் சீலிங் பலகையோட நின்னுபோச்சு! மேல ரெண்டடிக்கு, போன வருஷம் நிலம் குலுங்கினப்ப விட்ட விரிசல் அப்படியே பல்ல இளிக்குது.

— பலகைக்கு மேல யாரு மேடம் பாக்கப் போறா?

— அடேங்கப்பா! நிலநடுக்கம் வந்து உங்க பெயிண்ட்டப் பாத்து மயங்கிட்டுப் போயிடுமா? பில்லரும் பீமும் சேர்ற இடத்துலதான் அது முதல் அடி குடுக்கும். அந்த இடத்தத்தான் அம்போன்னு விட்டிருக்கீங்க. மாடியில எத்தன கட்டிலு?

— நாப்பது இருக்கும்.

— எழுந்து ஓட முடியாத நாப்பது பேரு. உங்க ரெண்டடிய நம்பிப் படுத்திருக்காங்க.

— சீலிங்கக் கழட்டினா இந்தக் கீழ் வார்ட மூடணும்னு சொன்னாங்க, டாக்டரம்மா விடல. ஆளாளுக்கு அவசரம், கடைசியில இளிச்சவாயன் மேஸ்திரிதான். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் மேடம்!

— இருபது வருஷமா பூசி மெழுகியிருக்கீங்க. கரண்டியப் போட்டுட்டு கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடப் போங்க. கை ராசியா இருக்கும்.

— வார்த்தைய அளந்து பேசுங்க. பக்கத்துத் தெரு ஸ்கூல நான்தான் பலப்படுத்தினேன். அதே மாதிரி பில்லரு, அதே மாதிரி சீலிங்கு. நீங்கதான் வந்து பாத்தீங்க, கைகுடுத்தீங்க, கையெழுத்தும் போட்டீங்க.

— அது வேலை! அந்தத் தைரியத்துலதான் என் பொண்ண அங்க ஒண்ணாங்கிளாஸ்ல சேத்தேன். இந்நேரம் அங்கதான் உக்காந்திருக்கா. அங்க மட்டும் ஒழுங்கா செய்யத் தெரிஞ்ச கைக்கு இங்க என்ன கேடு வந்துச்சு?

— விடுங்க மேடம்.

— ஏன் விடணும்? இவ்வளவு நேரம் வாய் காதுவரைக்கும் நீண்டுச்சே, இப்ப என்ன ஆச்சு? அதே ஆளு, அதே சிமெண்ட்டு. அங்க பீம் வரைக்கும் போன கான்கிரீட்டு இங்க ஏன் போகல? அதச் சொல்லுங்க.

— முதல்ல கீழ இறங்குங்க மேடம். பாத்து, மெதுவா.

— இறங்க மாட்டேன். பதில் சொல்லுங்க.

— அந்த ஸ்கூல்ல நீங்க ஏணியே கேக்கலையே மேடம்.